இடப்பக்க இருக்கை

கோத்தா கினபாலு
12.1.2024

அன்பு அக்காவுக்கு,

தம்பி ரூபேந்திரன் எழுதுகிறேன். நானும் லோஷினியும் பாப்பாவும் சுகம். உங்கள் முதுகு, செல்வா மாமாவின் இருமல், அம்மாவின் முழங்கால் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று வரிசையாக எழுதுங்கள்.

வாட்ஸ்அப் காலத்தில் தாளும் பேனாவும் எதற்கு என்று லோஷினி இன்னமும் சிரிக்கிறாள். நம் செனாய் வீட்டில் ஃபோன் அடித்தால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார் என்பது அவளுக்குப் புரியவில்லை. அம்மாவின் காதுக்கு உடனே போகக்கூடாத சங்கதிக்கு உங்கள் ஃபேக்டரி விலாசம்தான் பத்திரம். பறக்கும் பள்ளிக்குப் போன நாளிலிருந்து இதுதானே நம் வழக்கம்.

சங்கதி இதுதான். கேப்டன் பயிற்சிக்கான பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை, பிறகு சிமுலேட்டர், பிறகு மூத்த கேப்டன் ஒருவர் பக்கத்தில் இருக்க, கேப்டன் உட்காரும் இடப்பக்க இருக்கையில் சில மாதம். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் தோளில் மூன்று பட்டை நான்காகும். இருபத்தொரு வயதில் லைசென்ஸை வாங்கிக்கொண்டு வந்து, எந்தக் கம்பெனியும் கூப்பிடாமல் நான்கு வருடம் செனாய் கிடங்கில் பெட்டி தூக்கினேனே, அந்த ரூபன்தான். துணை விமானியாகிக் கொஞ்சம் நிமிர்ந்த நேரத்தில் கோவிட் வந்து வேலை போனது. ஜோகூர் பாருவில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த இரண்டு வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது பழைய அனுபவமெல்லாம் ஏட்டில் மணிக்கணக்காக இருந்ததே தவிர, பணிமூப்பு வரிசையில் நான் கடைசி ஆள். இப்போது மேலே நகர்ந்திருக்கிறேன்.

பரிசோதனை முடியும்வரை அம்மாவுக்குச் சொல்லாதீர்கள். சொன்னால் மறுநாளே கோயிலில் மைக் வைத்து அறிவித்துவிடுவார்.

போன வாரம் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது. ஆறு மாடி ஏறினேன். ஐந்தாவதில் கண் இருட்டிக்கொண்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேப்டன் ஆகும் முன்பே கிழவனாகிவிட்டேன் என்று லோஷினி கிண்டல் செய்கிறாள்.

அன்புடன் தம்பி,
ரூபன்


செனாய்
28.1.2024

அன்புத் தம்பிக்கு,

என் முதுகு நிமிரவில்லை, மாமாவின் இருமல் நிற்கவில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் தைப்பூசத்துக்குக் கோயில்வரை நடந்து காட்டியது. நீ கேட்ட வரிசைப்படி எழுதிவிட்டேன்.

கடிதத்தை லோக்கர் அறையில் நின்றே படித்தேன். பக்கத்தில் இருந்த ஷாமளா, “ஏன்கா அழறீங்க?” என்று கேட்டாள். “தூசிலா” என்றேன். எங்கள் பிரிவில் தூசு ஒன்று விழுந்தால் மெஷினையே நிறுத்துவார்கள். அவள் நம்பியிருக்க மாட்டாள். உன்னை நினைத்து எனக்குச் சந்தோஷம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படி விஷயம். கண் இருட்டியபோது நீயாக உட்கார்ந்தாயா, இல்லை விழுந்தாயா? நெஞ்சில் ஏதாவது தெரிந்ததா? படபடப்பு இருந்ததா? இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடாமல் ஏறியிருப்பாய். ஆனாலும் பதில் எழுது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ கொடுத்த பணத்தில் வாங்கிய புடவையை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைக்கிறார். எதற்கு என்று கேட்டால், “அவன் நாலு பட்டை போடற அன்னைக்கு” என்கிறார். உன் தலையெழுத்தை நமக்கு முன்பே படித்துவிட்டார் போலிருக்கிறது.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா,
தேன்மொழி


கோத்தா கினபாலு
3.3.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைத் தவிர வீட்டில் எந்த நஷ்டமும் இல்லை.

பதில் எழுதத் தாமதம். இந்த மாதம் நிறையப் பறந்தேன். பறந்தால்தான் காசு என்று உங்களுக்குத் தெரியும். துணை விமானிக்கு அடிப்படைச் சம்பளம் ஏழாயிரம் வெள்ளி. மீதியெல்லாம் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று சேர்வது. உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் படுத்தால் அந்த மீதி கரைந்துவிடும். அதனால்தான் எங்கள் ஆட்கள் காய்ச்சலைக்கூட வெயில் சூடு என்பார்கள். கேப்டனானால் அடிப்படையே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பறக்கும் பள்ளிக் கடனை இரண்டு வருடத்தில் முடித்துவிட்டு, அம்மாவின் முழங்காலுக்கு நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்க்கலாம். அப்புறம் நீங்கள் இரவு ஷிப்ட் போகத் தேவையில்லை. இதை நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், மறுக்காதீர்கள்.

மருத்துவப் பரிசோதனை முடிந்தது. தேறிவிட்டேன். இசிஜி தாளை மட்டும் டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு ஒரு இடத்தில் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதாம். நன்றாக ஓடுகிறவர்களுக்கும் அப்படி இருக்குமாம். “உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா விபத்தில் போனது அந்தக் கணக்கில் வராதே. படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது. பதினாறு வருடமாக ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையே பழகிவிட்டது. சரி, அடுத்த வருடம் பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

படியில் நானாகத்தான் உட்கார்ந்தேன். போதுமா?

அம்மாவிடம் இப்போது சொல்லலாம்.

தம்பி,
ரூபன்


செனாய்
20.3.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவிடம் சொன்னேன். முருகன் படத்துக்கு முன்னால் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அன்று மாலைக்குள் எங்கள் வரிசையில் பதினெட்டு வீட்டுக்கும் கேசரி போய்விட்டது.

ஒன்று கேட்பேன், கோபப்படாதே. கம்பெனி டாக்டர் வேண்டாம், வெளியில் நல்ல இருதய டாக்டராகப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள். பணம் நான் அனுப்புகிறேன். கம்பெனிக்குத் தெரிய வேண்டாம். ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் நீ நிம்மதியாக மேலே போகலாம் இல்லையா. என்னவோ எனக்கு அப்படித் தோன்றுகிறது. மற்றபடி எழுத ஒன்றுமில்லை. ஃபேக்டரியில் ஆடிட் நடக்கிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அக்கா,
தேன்மொழி


கோத்தா கினபாலு
14.4.2024

அன்பு அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. லோஷினி மாங்காய்ப் பச்சடி செய்தாள். கசப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி சுகம்.

நீங்கள் சொன்னதைச் செய்ய முடியாது. விமானி ஒருவன் இருதய டாக்டரின் வாசலை மிதித்தாலே அதைச் சொல்லியாக வேண்டும். எந்த டாக்டரைப் பார்த்தாய், எதற்குப் பார்த்தாய் என்று அடுத்த படிவத்தில் கேட்பார்கள். சொன்னால், என்ன ஏது என்று தெரியும்வரை தரையில் உட்கார வேண்டும். பயிற்சிக்கு என் இடத்தில் அடுத்தவன் போய்விடுவான். சொல்லாமல் விட்டால் அது பொய். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன் அக்கா. ஒன்றுமில்லாததைப் போய்ச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஆனால் உங்களை எனக்குத் தெரியும். நாளெல்லாம் சர்க்யூட் பலகைகளைப் பார்த்து, பழுது இருந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆள் நீங்கள். அப்படிப்பட்டவர் இரண்டு கடிதமாகச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். என்ன விஷயம்? சிமுலேட்டர் பயிற்சி ஜூலையில் தொடங்குகிறது. அதற்குள் எழுதிவிடுங்கள்.

தம்பி,
ரூபன்


செனாய்
9.6.2024

அன்புத் தம்பிக்கு,

எட்டு வாரமாகப் பதில் போடாததற்கு ஆடிட்டைக் காரணம் சொல்ல மாட்டேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட வேண்டும்.

அப்பா வழுக்கி விழவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. குளுவாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் அப்பாவுக்கு மேல்தட்டில் வேலை. குலைகளை ஆவியில் அவிக்கிற கொப்பரைகளுக்கு மேலே இரும்புப் பலகை போட்ட நடைபாதை அது. அன்று நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். இரும்பு ஏணிப்படிக்குக் கீழே நின்றேன். என்னைப் பார்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வந்தார். வழுக்குகிறவர் எதையாவது பிடிக்கப் பார்ப்பார். அப்பா பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்தார். அப்புறம்தான் விழுந்தார். தலையில் அடி என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். அடி பட்டதும் உண்மைதான்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய், “எண்ணெ கொட்டியிருந்துச்சு, வழுக்கி விழுந்தாரு. யார் கேட்டாலும் அதான்” என்றார். வேலை விபத்து என்று ஆனதால் மாதாமாதம் சொக்சோ காப்புறுதிப் பணம் வந்தது. நாம் சாப்பிட்டது அதில்தான். நீ படித்ததும் அதில்தான். மூன்று வருடம் கழித்துச் சித்தப்பா மகேஸ்வரன் பந்து விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் விழுந்து இறந்தார், முப்பத்து மூன்று வயதில். வெயில் என்றார்கள். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நீ பறக்கும் பள்ளிக்குப் படிவம் நிரப்பியது சமையலறை மேசையில். அந்தக் கேள்வியை நீ சத்தமாக வாசித்தாய். “இல்லன்னு போடுய்யா” என்றார் அம்மா. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஊரார் பலகைக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்த எனக்கு அதற்கு மட்டும் கை வரவில்லை. என்னை நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

இப்போது சொல்கிறேன். டாக்டரிடம் போ. அப்பாவைப் பற்றியும் சித்தப்பாவைப் பற்றியும் சொல். அவர் பார்த்துவிட்டுப் பறக்கலாம் என்றால் பற. உடனே பதில் எழுது.

அக்கா,
தேன்மொழி


கோத்தா கினபாலு
30.8.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஜூன் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் படித்தேன். அதன் பிறகு உங்கள் ஃபோனை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இருபத்தாறு வருடம் வைத்திருந்தீர்கள். நான் கிடங்கில் பெட்டி தூக்கிய காலத்தில் சொல்லியிருக்கலாம். அப்போதென்றால் வேறு வேலை பார்த்துக்கொண்டு போயிருப்பேன். கடன் வாங்கும் முன் சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட அம்மாவும் நீங்களும்தானே பேங்குக்கு வந்தீர்கள். இடப்பக்க இருக்கைக்கு ஒரு கை தூரத்தில் நிற்கும்போது சொல்கிறீர்கள். தாழியை உடைப்பதற்கு வெண்ணெய் திரளும்வரை காத்திருந்தீர்களா?

சிமுலேட்டர் தேறிவிட்டேன். அடுத்தது விமானத்திலேயே பயிற்சி. அதற்கு முன் ஆறு வாரம் வழக்கம்போல வலப்பக்கத் துணை விமானி இருக்கையில் பறக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நீங்களும் சொல்லக்கூடாது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா புகை பிடித்தார், கொதிக்கிற ஆவியில் நின்றார். எனக்கு அது எதுவும் கிடையாது. கேப்டனாகி ஒரு வருடம் போகட்டும், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

அம்மா கேட்டால் வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

ரூபேந்திரன்

(உறையின் உட்பக்கம், லோஷினியின் கையெழுத்தில்)

அக்கா, போன சனிக்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டார். ஒரு நிமிடம் கூப்பிட்டும் பதில் இல்லை. மறுநாள் வேலைக்குப் போனார். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எனக்கு வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.


முருகன் துணை

செனாய்
8.9.2024

என் ஐயா ரூபனுக்கு அம்மா எழுதிக்கறது.

நீயும் மருமவளும் பேத்தியும் நல்லா இருக்கணும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்புவரைக்கும் படிச்ச எழுத்து. தப்பு இருந்தா பொறுத்துக்க.

உங்கக்கா அடுப்படியில ஒரு கடுதாசிய வெச்சிக்கிட்டு அழுதா. கேட்டேன், சொல்லல. கையிலேர்ந்து வாங்கிக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். உன் பொண்டாட்டி எழுதினதையும் படிச்சேன். அவளைத் திட்டாத.

உங்கக்கா எழுதினது அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும்தான். சொக்சோ காசுக்காக நான் பொய் சொன்னேன்னு அவ நெனைக்கிறா. காசும்தான். ஆனா அது பாதி. மீதிய நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

உங்கப்பா அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ விழுந்தாரு. ஒரு தடவ குளிக்கிற எடத்துல. ஒரு தடவ பொங்க அன்னைக்கு வாசல்ல. மருந்து குடுக்கற டிரஸருகிட்ட காட்டலாம்னு சொன்னேன். வேணாம்னாரு. டிரஸர், வேலை பிரிச்சிக் குடுக்கற கிராணிகிட்ட சொல்லுவாரு, கிராணி மேல்தட்டுலேர்ந்து எறக்கிக் கீழ கூட்டுற வேலைக்குப் போட்டுடுவாரு, அலவன்ஸ் போயிடும்னாரு. மேல்தட்டு அலவன்ஸ் மாசம் நூத்தி இருவது வெள்ளி. சாதாரண ஆளாச் சேந்து பன்னெண்டு வருசம் கழிச்சித்தான் அந்த மேல்தட்டு கெடச்சுது. தேனு பரீட்ச எழுதட்டும், ஒரு வருசம் போவட்டும், அப்புறம் போய்க் காட்டிக்கறேன்னாரு. நீ எழுதின அதே வார்த்த. கிராணி பொண்டாட்டி எனக்குச் சிநேகிதம்தான். தண்ணிக் கொழாயில தெனம் பாப்பேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அவரு கோவிச்சிக்குவாருன்னு சொல்லல. எனக்கும் அந்த நூத்தி இருவது வெள்ளி வேண்டியிருந்துச்சு.

அவரு போனப்புறம் நெஞ்சு வலின்னு சொன்னா, முன்ன வந்துச்சா, ஏன் சொல்லலன்னு என்னையக் கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதனால வழுக்கி விழுந்தாருன்னேன். நான் சொல்லியிருந்தா அவரு கீழ கூட்டிக்கிட்டு இருந்திருப்பாரு. கூட்டிக்கிட்டு இருக்கட்டுமே. அவரு கூட்டுறத நான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

உன் நாலாவது பட்டை எனக்கு வேணாம்யா. பொடவைய எடுத்துக் கோயில்ல குடுத்துட்டேன். நீ போய்ச் சொல்லு. இந்தக் கடுதாசி வந்து பத்து நாள்ல நீ சொல்லலன்னா உங்கக்காவக் கூட்டிக்கிட்டு பிளேன் ஏறி உங்க ஆபீசுக்கு வருவேன். ஒரு தடவ சும்மா இருந்தவ, இன்னொரு தடவ இருக்க மாட்டேன்.

உன் அம்மா
ராஜம்மா


கோத்தா கினபாலு
27.10.2024

அன்பு அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாளாகிறது. சுகமாக இருக்கிறேன். இனி உங்கள் இருவருக்கும் ஒரே கடிதம்தான். ஃபேக்டரி விலாசம் வேண்டாம்.

அம்மாவின் கடிதம் வந்த அன்று மத்தியானம் எனக்குத் தாவாவ் பயணம். சீருடை போட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியபோது தபால்பெட்டியில் கிடந்தது. நின்றே படித்தேன். மேலே ஏறி வந்து சோபாவில் உட்கார்ந்து, ஆபீசுக்கு ஃபோன் செய்து, நான் பறக்கத் தகுதியாக இல்லை என்று சொன்னேன். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அதன் பிறகு லோஷினியின் மடியில் தலையை வைத்து அழுதேன். பாப்பா பயந்துவிட்டாள்.

கம்பெனி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் படிவம் கொடுத்தார். ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறி போட்டு, தந்தை, 39 வயது, இருதயம் என்று எழுதினேன். ஸ்கேனில் இருதயச் சுவர் தடித்திருக்கிறது. பரம்பரையாக வருவதாம். தோளுக்குக் கீழே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். துடிப்பு தப்பினால் அது தட்டி எழுப்பும். லைசென்ஸ் போய்விட்டது. திரும்ப வராது. பயிற்சிக்கு என் இடத்தில் வரிசையில் எனக்கு அடுத்தவர் போயிருக்கிறார். நல்ல மனிதர், எனக்கு ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்க வேண்டியதே இல்லை. ஆறு மாதத்துக்கு அடிப்படைச் சம்பளம். பிறகு பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கும் வேலை இருக்கிறதாம். எட்டு வருடத்துக்கு முன் வாங்கியதைவிடக் குறைவான சம்பளம்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். குளியலறையில் விழுந்த மறுநாள் நூற்று எழுபது பேரை ஏற்றிக்கொண்டு போய் வந்தேன். அதில் கைக்குழந்தை ஒன்று வழியெல்லாம் அழுததாகப் பணிப்பெண் சொன்னார்.

அக்கா, அந்தக் கடிதத்தில் உங்களைக் கடிந்து எழுதியதற்கு மன்னியுங்கள். நீங்களும் ஸ்கேன் எடுக்க வேண்டும். பாப்பாவுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருடாவருடம் பார்க்க வேண்டும். சித்தப்பா மகன் யுகேந்திரனுக்கு யார் சொல்வது?

ரூபன்


செனாய்
16.2.2025

அன்புத் தம்பிக்கு,

எனக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை. முதுகுதான் அப்படியே இருக்கிறது. நீ வகுப்பெடுக்க ஆரம்பித்ததாக லோஷினி ஃபோனில் சொன்னாள். மாணவர்கள் உன்னைக் கண்டு பயப்படுகிறார்களாமே. நல்லது, பயப்படட்டும்.

நீ கேட்ட கேள்விக்குத்தான் இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். நானே குளுவாங் போய் யுகேந்திரனிடம் சொல்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை. “நான் சொன்ன பொய்யி. நான்தான் திரும்ப எடுக்கணும்” என்றார். ஆனால் தீபாவளி முடியட்டும் என்றார், பொங்கல் முடியட்டும் என்றார். ஒவ்வொரு முறையும் பையை எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடுவார். தைப்பூசத்துக்கு மறுநாள் அவராகவே, “இன்னைக்குப் போலாம்” என்றார்.

குளுவாங் வீட்டில் எங்களை உட்காரவைத்துவிட்டுச் சித்தி தனலெட்சுமி தேத்தண்ணீர் கலக்க எழுந்தார். “வேணாம், உக்காரு, முதல்ல கேளு” என்று அம்மா எல்லாவற்றையும் சொன்னார். அப்பா விழுந்ததிலிருந்து, கிராணி மனைவியிடம் சொல்லாமல் விட்டது, சித்தப்பா இறந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தது, உன் இருதயம்வரை. ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. நான் குறுக்கே பேசியபோது, “நீ சும்மா இரு” என்றார்.

சித்தி, “அன்னைக்கு வெயில்ல ஆட வேணாம்னு தடுத்திருந்தா பொழச்சிருப்பாருன்னு இத்தன வருசமா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்கா” என்றார். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. இன்றுவரை அம்மாவின் ஃபோனை எடுக்கவில்லை. அம்மா தினமும் ஒரு முறை அடிக்கிறார். எடுக்காவிட்டாலும் அடிப்பேன் என்கிறார்.

யுகேந்திரன்தான் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டான். இப்போது அவன் தெப்ராவில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறான். நாற்பது பெண்கள் ஏறுகிற பஸ். கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். ஆயர் ஹீத்தாம் தாண்டினோம். அப்புறம், “படி ஏறினா எனக்கும் சில சமயம் கண்ணு கட்டுது பெரியம்மா” என்றான். கொஞ்ச தூரம் போய், “டெஸ்ட்ல ஏதாச்சும் வந்தா பஸ் லைசென்ஸ் போயிடும்லா” என்றான்.

அம்மா பின் இருக்கையில் இருந்தார். முன்னால் சாய்ந்து அவன் தோளில் கையை வைத்து, “போவட்டும்யா. நீ இரு” என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஸ்கேன். நான் லீவு எடுத்திருக்கிறேன். அம்மாவும் கூட வருகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
தேன்மொழி